ட்ரெவர் வீக்ஸின் காமா கதிர் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரெவர் வீக்ஸ் யார்?

1940இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அங்கேயே 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அரிசோனாவில் டூசான் நகருக்குத் தெற்கே உள்ள ஹாப்கின்ஸ் மலைதான் அதன்பின் அவருடைய பணியிடம். அந்த மலையின் 10 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து மிக உயர் ஆற்றல் காமா கதிர் வருவதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவர். அந்தக் கட்டுரை 1989இல் வெளியானது. 1997இல் அமெரிக்க வானியல் கழகத்தின் புரூனோ ரோஸ்ஸி பரிசு இவருக்குக் கிடைத்தது. 2014 மே மாதம் காலமானார்.

முனைவர் பட்டத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் இடையில் 23 ஆண்டுகள். கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியைப் பற்றியவைதாம்.

காமா கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுமே, தரையிலிருந்து எப்படிப் பார்க்கிறார்கள்?

தடுப்பது உண்மை. தடுபடும்போது அது விட்டுச்செல்லும் தடயத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு டி.இ.வி., அதாவது ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா ஃபோட்டான் ஒன்று தரைக்கு மேல் 20 கிலோமீட்டர் அளவில் காற்று அணுக்கருவின் அருகே சென்று எலக்ட்ரான், பாசிட்ரான் என இரண்டாக மாறுகிறது. அவை மீண்டும் காமா ஃபோட்டான்களைத் தருகின்றன, அந்த ஃபோட்டான்கள் மீண்டும் இணைகளாகின்றன. இப்படிப் பெருகும் துகள் பொழிவு 10 கிலோமீட்டர் உயரத்தில் உச்சத்தை எட்டி, தரையைத் தொடுமுன் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அந்தத் துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட வேகமாகப் போவதால் நீல ஒளி எழுகிறது. இதுதான் செரன்கோவ் ஒளி. அது பாதைக்கு ஏறக்குறைய 1 டிகிரி விலகிப் பரவுவதால், தரையில் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழுகிறது. 1 டி.இ.வி. பொழிவு ஒன்று அந்த வட்டத்துக்குள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 ஒளித்துகள்களைத் தரும். ஆனால் எல்லாம் 5 நானோ நொடிக்குள் முடிந்துவிடும். கண் அதை உணராது. சாதாரண கேமராவில் இரவு வானத்தின் மங்கல் ஒளி அதை மூழ்கடித்துவிடும். சில நானோ நொடிகளுக்கு மட்டும் திறந்து மூடும் மின்னணுச் சுற்று இருந்தால், அதே மங்கலின் மேல் இந்தப் பளிச்சு தெளிவாக எழுந்து நிற்கும்.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

ஒரு கணக்கு போட்டால் விளங்கிவிடும். காமா கதிர் வானத்தின் பிரகாசமான, மாறாத மூலங்களில் ஒன்று நண்டு நெபுலா. அதிலிருந்து 1 டி.இ.வி.க்கு மேல் வருவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நொடிக்கு 2×10⁻¹¹ ஃபோட்டான்தான். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் பெருங்கருவிக்குப் பயன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அது ஆண்டு முழுவதும் நண்டு நெபுலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் கிடைப்பது 6 ஃபோட்டான். உண்மையில் வானம் முழுவதையும் அது சுற்றிப் பார்ப்பதால் எண்ணிக்கை இன்னும் குறையும்.

தரையில் நிற்கும் ஒரு கண்ணாடியோ, 120 மீட்டர் ஆரத்துக்குள் எங்கே பொழிவு விழுந்தாலும் அதைப் பிடித்துவிடும். அந்தப் பரப்பு 45,000 சதுர மீட்டர். அதே நெபுலாவிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு காமா கதிர் கிடைக்கும். வளிமண்டலமே இங்கே உணர்கருவியின் பாதி. சில நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் செயற்கைக்கோள், அதற்கு நூறு மடங்குக்கு மேல் போனால் தரை. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

தொடக்கக் கருவிகள் எப்படி இருந்தன?

1948இல் பிளாக்கெட் என்ற இயற்பியலர், இரவு வானத்தின் மொத்த ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு செரன்கோவ் ஒளியாக இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி ஆகிய இருவர் ஒரு குப்பைத் தொட்டிக்குள் 25 சென்டிமீட்டர் கண்ணாடியையும் மங்கல் ஒளியை மின்சாரமாக்கிப் பெருக்கும் ஒரு ஒளிப்பெருக்கிக் குழாயையும் வைத்து அந்தப் பளிச்சுகளை முதன்முதலில் பதிவு செய்தார்கள். தொட்டி எதற்கென்றால், பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க.

வீக்ஸ் மாணவராக இருந்தபோது டப்ளின் குழு, ஜெல்லியுடன் சேர்ந்து, கிளென்கல்லன் மலைப்பகுதியில் போர்க்காலத்து சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. நம் ஊட்டியிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கியது. சீராகத் துடிக்கும் விண்மீன்களான பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே சர்ச்லைட் கண்ணாடிகளைக் கொண்டு பல்சார் திசைகளை நோக்கினார்கள். எண்பதுகளில் அந்தப் பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கும், பிறகு லடாக்கின் ஹான்லேக்கும் போனது. சர்ச்லைட் கண்ணாடி கூர்மையான பிம்பம் தராது என்பது தெரிந்தே பயன்படுத்தப்பட்டது. பளிச்சு வந்ததா இல்லையா என்று எண்ணுவதற்குக் கூர்மை வேண்டாம், பரப்பு போதும் என்பது அன்றைய எண்ணம். அந்த எண்ணம்தான் பிற்பாடு தடையானது.

ஹாப்கின்ஸ் மலையின் 10 மீட்டர் தொலைநோக்கி எப்படிப்பட்டது?

1968இல் கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டரில் நிறுவப்பட்டது. ஒரே கண்ணாடி அல்ல. 61 சென்டிமீட்டர் அகலமுள்ள அறுகோணக் கண்ணாடிகள் 248 சேர்ந்தது. மொத்த ஒளி சேகரிப்புப் பரப்பு 75 சதுர மீட்டர், குவியத் தூரம் 7.3 மீட்டர். அமைப்பு டேவிஸ்–காட்டன் வகை. சூரிய உலைகளுக்காக வகுக்கப்பட்ட வடிவம் இது. எல்லாச் சிறு கண்ணாடிகளும் ஒரே வளைவு கொண்டவை, ஒரு கோளப் பரப்பின் மேல் பொருத்தப்பட்டவை. ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்க்கலாம் என்பதால் செலவு குறைவு, ஒன்று உடைந்தால் மாற்றுவதும் எளிது.

அதற்கு ஒரு விலை உண்டு. விளிம்புக் கண்ணாடியிலிருந்தும் நடுக் கண்ணாடியிலிருந்தும் வரும் ஒளி ஒரே கணத்தில் குவியத்தை அடையாது. 10 மீட்டர் அமைப்பில் இந்த வித்தியாசம் சுமார் 6 நானோ நொடி, பளிச்சின் நீளத்துக்கு ஈடு. இரண்டும் கலந்துபோவதால் மின்னணுச் சுற்றைத் தேவைக்கு மேல் நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கும், இரவு ஒளியும் கூடவே உள்ளே வரும். பிற்காலத்துத் தொலைநோக்கிகளில் சில பரவளைய வடிவத்துக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் 20 ஆண்டுகள் ஏன் உறுதியான முடிவு வரவில்லை?

காரணம் காஸ்மிக் கதிர்கள். புரோட்டானும் மற்ற அணுக்கருக்களும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து இதே போன்ற பொழிவுகளை உண்டாக்குகின்றன. நண்டு நெபுலாவின் ஒரு காமா பளிச்சுக்கு இவற்றின் பளிச்சுகள் நூற்றுக்கணக்கில், கருவியைப் பொறுத்து ஆயிரக்கணக்கில் கூட வரும். ஒற்றைக் குழாய் வைத்துப் பார்த்தால் ஒரு பளிச்சுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. எண்ணிக்கை மட்டும் மிஞ்சும்.

கற்பனை எண்கள் கொண்டு பார்ப்போம். மூலத்தை நோக்கி எடுத்ததில் 10,000 பளிச்சு. அதே நேர அளவுக்கு வெற்று வானத்தில் 9,700. மிகுதி 300. இரண்டும் எண்ணிக்கைகள் என்பதால் பிழை இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம், அதாவது 19,700இன் வர்க்கமூலம்: 140. ஆக மிகுதி, பிழையைப் போல 2.1 மடங்கு, அதாவது 2.1 சிக்மா. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்கு மடங்கு நேரம் பார்த்தாலும் 4.3தான் வரும், ஏனென்றால் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் நம்பகம் ஏறும். அதோடு, இரண்டு திசைகளின் வான ஒளியில் 1 சதவீத வேறுபாடு இருந்தாலே அது 100 பளிச்சு பொய்யாகக் காட்டும். மேலும் மேலும் பார்ப்பது அந்தப் பொய்யையும் சேர்த்தே வளர்க்கும்.

இப்போது பின்னணியில், அதாவது காஸ்மிக் கதிர்ப் பளிச்சுகளில், 98 சதவீதத்தைத் தள்ளி, காமா பளிச்சுகளில் 60 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருப்பதாகக் கொள்வோம். வெற்று வானம் 194, மிகுதி 180, மூலத் திசை 374. பிழை 568இன் வர்க்கமூலம், 23.8. விடை 7.6 சிக்மா. கண்ணாடி அதேதான், இரவுகளும் அதேதான். தள்ளத் தெரிந்ததால் வந்த மாற்றம் இது. வீக்ஸின் பணி வாழ்வு முழுவதையும் இந்த இரண்டு கணக்குகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

1972இலேயே நண்டு நெபுலா தெரிந்ததாக ஒரு கட்டுரை உண்டே?

உண்டு. ஃபாசியோ, ஹெல்ம்கன், ஓமொங்கன், வீக்ஸ் ஆகிய நால்வரின் கட்டுரை. மூன்று ஆண்டுத் தரவில் 3 சிக்மா. இன்று திரும்பிப் பார்த்தால் அந்த மிகுதியில் உண்மையான காமா கதிரும் இருந்திருக்கலாம். ஆனால் 3 சிக்மா யாரையும் கட்டுப்படுத்தாது.

ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு. 3 சிக்மா தற்செயலாக மேல்நோக்கி எழ வாய்ப்பு 740இல் ஒன்று. கேட்க அரிதாகத் தோன்றும். ஒரு பல்சாரை 50 இரவுகள் பார்த்து, ஒவ்வோர் இரவுத் தரவையும் 20 வெவ்வேறு சுழற்சிக் காலங்களில் மடித்துத் தேடினால் முயற்சிகள் 1,000. ஒன்றுமே இல்லாத வானத்திலும் ஒரு 3 சிக்மா கிடைக்க நான்கில் மூன்று வாய்ப்பு. எத்தனை முறை தேடினோம் என்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எந்த மூலத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

எண்பதுகளில் இதுவேதான் நடந்தது. சிக்னஸ் எக்ஸ்-3, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 ஆகிய இரட்டை விண்மீன்களிலிருந்து மிக உயர் ஆற்றல் சமிக்ஞை வருவதாகப் பல குழுக்கள் அறிவித்தன. கூர்மையான கருவிகள் வந்தபின் அவை நிற்கவில்லை. துறையின் பெயரே கெட்டுப்போன காலம் அது.

படமெடுக்கும் முறை என்பது என்ன?

பளிச்சை எண்ணுவதோடு நிறுத்தாமல் அதன் வடிவத்தைப் பதிவு செய்வது. குவியத்தில் ஒற்றைக் குழாய்க்குப் பதிலாக 37 குழாய்கள்: நடுவில் ஒன்று, சுற்றி 6, அடுத்து 12, அடுத்து 18. ஒவ்வொன்றுக்கும் இடையே அரை டிகிரி, முழுநிலவின் அகலம். மொத்தப் பார்வை 3.5 டிகிரி. எண்பதுகளின் தொடக்கத்தில் இது 10 மீட்டர் தொலைநோக்கியில் ஏறியது.

இந்தக் கேமராவில் காமா பொழிவு நெல்மணி போலத் தெரியும். ஒல்லியாக நீண்டு, அதன் நீள அச்சு கேமராவின் மையத்தை நோக்கி இருக்கும், தொலைநோக்கி மூலத்தைக் குறிவைத்திருப்பதால். புரோட்டான் பொழிவில் பல உட்கிளைகள் உண்டு. அது அகன்று சிதறிய திட்டாக, ஏதோ ஒரு திசையில் கிடக்கும். அருகில் விழும் ஒற்றை மியூவான், அதாவது எலக்ட்ரானைவிடக் கனமான ஒரு துகள், உடைந்த வளையல் துண்டு போல வில்லாகத் தெரியும்.

இதை எண்ணாக்கிக் கொடுத்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஹில்லாஸ். 1985இல் கணினியில் பொழிவுகளை உருவாக்கிப் பார்த்து, ஒவ்வொரு பிம்பத்தையும் ஒரு நீள்வட்டமாகச் சுருக்கினால் போதும் என்று காட்டினார். நீளம், அகலம், மையத்திலிருந்து தூரம், நீள அச்சு மையத்தின் திசையிலிருந்து விலகும் சாய்கோணம்: இவைதான் அளவுகள். விப்பிள் என்ற பெயருடைய ஹாப்கின்ஸ் மலை ஆய்வகத்தில் வீக்ஸின் குழு பிற்பாடு நிலையாகப் பயன்படுத்திய வரம்புகள் இவை: அகலம் 0.073 முதல் 0.15 டிகிரி, நீளம் 0.16 முதல் 0.30, தூரம் 0.51 முதல் 1.1, சாய்கோணம் 15 டிகிரிக்குள். இவற்றுக்குள் வராத பிம்பம் குப்பைக்குப் போகும்.

நீள்வட்டம் பொருத்துமுன் பிம்பத்தைத் துடைக்க வேண்டும். ஒரு குழாயின் அளவீடு அதன் இரைச்சலைவிட 4.25 மடங்குக்கு மேல் இருந்தால் அது படத்தில் சேரும். அப்படிச் சேர்ந்த குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது 2.25 மடங்கைத் தாண்டினால் ஓரமாகச் சேரும். மீதி எல்லாம் பூஜ்யம். இந்த இரண்டாம் வரம்பைத் தளர்த்தினால் இரைச்சல் நெல்மணியின் ஓரத்தில் ஒட்டி அதை அகலமாக்கும், உண்மையான காமா கதிர் புரோட்டானாகத் தள்ளுபடியாகும். இறுக்கினால் மங்கலான பொழிவுகள் காணாமலே போகும்.

வெற்று வானத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மூலத்தை 28 நிமிடம் தொடர்வார்கள். பிறகு 2 நிமிடத்தில் தொலைநோக்கியைத் திருப்பி, வானில் 30 நிமிடம் கிழக்கே தள்ளியுள்ள ஒரு புள்ளியை மீண்டும் 28 நிமிடம் தொடர்வார்கள். பூமி அதற்குள் அரை மணி சுழன்றிருக்கும். ஆகவே இரண்டாவது ஓட்டத்தில் தொலைநோக்கி முதல் ஓட்டத்தின் அதே உயரக்கோணங்கள், அதே திசைகள் வழியாகவே போகும். காற்றின் தடிமன், மலையடிவாரத்து ஊர் வெளிச்சம், தொலைநோக்கிச் சட்டத்தின் வளைவு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

ஒன்றாகாதது விண்மீன்கள். நண்டு நெபுலாவிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஸீட்டா டாரி என்ற மூன்றாம் பிரகாச விண்மீன் இருக்கிறது. அது விழும் குழாயில் மின்னோட்டம் எகிறும், அந்தக் குழாயை அணைத்தாக வேண்டும். வானம் சுழலச் சுழல விண்மீன் அடுத்த குழாய்க்கு நகரும். இரைச்சல் அதிகமான திசையில் துடைப்பு வரம்பும் மாறுவதால் இரண்டு தரவுகளையும் நேரடியாகக் கழித்தால் தவறு வரும். இதற்குக் கண்ட தீர்வு எதிர்பாராதது: இருட்டான திசையின் தரவில் கணினி மூலம் இரைச்சலைச் சேர்த்து, இரண்டையும் சமமாக்கிய பிறகே துடைப்பது. நல்ல தரவை வேண்டுமென்றே கெடுப்பது போலத் தோன்றும். ஆனால் ஒப்பீட்டுக்குச் சமநிலை தரத்தைவிட முக்கியம்.

1989 கட்டுரை என்ன சொன்னது?

1986 முதல் 1988 வரை நண்டு நெபுலாவை நோக்கிச் சுமார் 80 மணி நேரம். பிம்பத்தின் அகலத்தையும் திசையையும் சேர்த்த ஒரே அளவை வைத்துப் பின்னணியில் 98 சதவீதத்துக்கு மேல் தள்ளினார்கள். மிஞ்சியது 9.0 சிக்மா. 0.7 டி.இ.வி.க்கு மேல் வரத்து சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு 1.8×10⁻¹¹ ஃபோட்டான். வரத்திலும் ஆற்றலிலும் ஒன்றரை மடங்கு வரை பிழை இருக்கலாம் என்பதையும் சுருக்கத்திலேயே எழுதினார்கள். நெபுலாவின் நடுவிலுள்ள பல்சாரின் துடிப்பாக வருவது 25 சதவீதத்துக்கும் குறைவு, மாதக்கணக்கில் மாற்றம் இல்லை என்பவையும் அதில் உண்டு.

கடைசி இரண்டும் மிக முக்கியமானவை. சமிக்ஞை துடிக்கவில்லை என்றால் அது பல்சாரிலிருந்து நேரடியாக வரவில்லை, சுற்றியுள்ள நெபுலாவிலிருந்து வருகிறது. மாறவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் எந்த ஆண்டும் சரிபார்க்கலாம். முந்தைய அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஓர் இரவு தோன்றி மறைபவை, மறுக்கவோ ஏற்கவோ வழியில்லாதவை. நண்டு நெபுலா ஓடிப்போகாது. புதிய தொலைநோக்கி எதுவானாலும் முதலில் அதை நோக்கித் திருப்பி அளவை ஒப்பிடும் வழக்கம் இங்கிருந்து தொடங்கியது.

கூடவே இருந்தவர்கள் ஏன் துறை மாறினார்கள்?

ஹாப்கின்ஸ் மலையில் இந்த வேலையைத் தொடங்கிவைத்த ஜியோவானி ஃபாசியோவும், அங்கே முனைவர் பட்டத்துக்கு உழைத்த ஜார்ஜ் ரீக்கியும் அகச்சிவப்பு வானியலுக்குப் போனார்கள். பிற்காலத்தில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் மூன்று கருவிகளில் இரண்டுக்கு இவர்கள்தான் தலைமை. தவறான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. வீக்ஸ் தங்கினார். 1969 முதல் 1976 வரை அந்த ஆய்வகத்தின் உள்ளூர் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இளம் ஆய்வாளர் ஒருவர் இதைப் பார்த்து விடாப்பிடியாக இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் அதே சோதனையை 20 ஆண்டுகள் திரும்பச் செய்யவில்லை. பிம்பத்தைப் பதிவு செய்யும் கேமராக்களும், அருகருகே இரண்டு தொலைநோக்கிகளும் வேண்டும் என்று 1977இலேயே டர்வருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார்.

1989க்குப் பிறகு?

குழாய்கள் 109 ஆகின, இடைவெளி கால் டிகிரியானது. நண்டு நெபுலா 20 சிக்மாவுக்கு ஏறியது. 1992இல் மார்க்கேரியன் 421 என்ற விண்மீன் மண்டலம், நம் பால்வெளிக்கு வெளியே தெரிந்த முதல் டி.இ.வி. மூலம். 1996 மே மாதம் அதே மண்டலம் 15 நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும் வேகத்தில் எழுந்து தணிந்தது. அவ்வளவு விரைவாக மாறும் ஒளி மிகச் சிறிய இடத்திலிருந்துதான் வர முடியும் என்பதால், இத்தகைய மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளைகளிலிருந்து பீறிடும் தாரைகளைப் பற்றிய கணக்குகளை மறுபடி போட வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டம் வெரிட்டாஸ். 12 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் 499 குழாய்கள். ஒரே பொழிவை நான்கு கோணங்களில் பார்த்தால் நெல்மணிகளின் அச்சுகள் வெட்டும் இடம்தான் மூலத்தின் திசை. உள்ளூர் மியூவான் ஒரு தொலைநோக்கியில் மட்டும் விழும், ஆகவே தானாகவே விலகிவிடும். திட்டத்தில் முதலில் இன்னும் அதிகத் தொலைநோக்கிகள் இருந்தன. நிதி குறைந்தது. அரிசோனாவின் கிட் பீக்கில் தேர்ந்தெடுத்த இடம் டோஹோனோ ஓதாம் மக்களுக்குப் புனிதமான மலையில் இருந்ததால் எதிர்ப்பும் வழக்கும் எழுந்து கைவிடப்பட்டது. கடைசியில் ஹாப்கின்ஸ் மலையடிவார முகாமிலேயே, 1,268 மீட்டரில் அமைந்தது. 2007இல் நான்கும் சேர்ந்து இயங்கின. 2009இல் முதல் தொலைநோக்கியைக் கழற்றி வேறிடத்தில் வைத்ததும், இடைவெளிகள் சீராகி உணர்திறன் நன்றாகவே கூடியது. நண்டு நெபுலாவில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே பிரகாசமுள்ள மூலம் இப்போது அதற்கு 25 மணி நேர வேலை. பழைய 10 மீட்டர் தொலைநோக்கி 2011இல் ஓய்வு பெற்றது.

இத்தகைய தொலைநோக்கியில் அடிக்கடி என்ன கெடுகிறது?

கண்ணாடிகள்தான் முதலில். மூடிய குவிமாடம் கிடையாது, வெயிலிலும் தூசியிலும் நிற்பவை. பளபளப்பு குறைந்தால் அதே பொழிவு மங்கலாகத் தெரியும், ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவோம். தவணை முறையில் கழுவுவதும் மேற்பூச்சை மாற்றுவதும் ஓயாத வேலை. இதைக் கண்காணிக்கச் சிறந்த வழி நாம் தள்ளிவிடும் மியூவான் வளையங்கள். வளையத்தின் ஆரம் தெரிந்தால் எவ்வளவு ஒளி வந்திருக்க வேண்டும் என்பது தெரியும். வந்தது குறைந்தால் கண்ணாடியோ குழாயோ சோர்ந்திருக்கிறது.

குழாய்களின் பெருக்கம் ஒன்றுக்கொன்று மாறும், நாள்பட இறங்கும். விப்பிளில் ஒவ்வோர் இரவும் நைட்ரஜன் விளக்கை மின்னவிட்டு எல்லாக் குழாய்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதைத் தவறவிட்ட இரவின் சாய்கோணங்களை நம்ப முடியாது, ஒரு பக்கம் தூக்கலான குழாய்கள் நெல்மணியைத் திருப்பிவிடும்.

மேகம் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். மெல்லிய மேகம் வந்தால் பொழிவுகளின் எண்ணிக்கை வீதம் ஏறி இறங்கும். வீதம் சீராக இல்லாத ஓட்டத்தைத் தூக்கி எறிவதே நல்லது. அரிசோனாவில் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், இடி மின்னலோடு வரும். அந்த இரு மாதங்கள் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கப்படுகின்றன.

இந்தியாவில் இந்தத் துறையில் சேர வழி?

ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி இருக்கிறது. 356 கண்ணாடிப் பலகைகள், 1,088 குழாய்கள், 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. அமைத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கே கேட் தேர்வு வழியாகப் பயிற்சிப் பள்ளிக்குள் நுழையலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனக்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஊட்டியில் அதன் கிரேப்ஸ்-3 ஆய்வகம் வேறு வழியில் போகிறது: துகள் பட்டால் ஒளிரும் சுமார் 400 ஒளிர்மான்கள் பொழிவின் துகள்களை நேரடியாக எண்ணுகின்றன, 560 சதுர மீட்டர் மியூவான் கருவி அதில் மியூவான் எத்தனை என்று பார்க்கிறது. மியூவான் குறைந்த பொழிவு காமா கதிராக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் பிரிப்பதுதான் வேலை.

படிக்க வேண்டியவற்றில் புள்ளியியலை முதலில் வைப்போம். பைத்தான் இரண்டாவது. மின்னணுவியல் தெரிந்தவருக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு.

வீட்டுக் கணினியில் நண்டு நெபுலாவைப் பார்க்க முடியுமா?

முடியும். நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிக் குழு 2018இல் ஒரு சிறு தரவுத் தொகுப்பைப் பொதுவில் வெளியிட்டது. அதில் நண்டு நெபுலாவின் 28 நிமிட ஓட்டங்கள் 4 இருக்கின்றன. காமாபை என்ற இலவச பைத்தான் நிரல் தொகுப்பை நிறுவி, அந்த நான்கையும் ஏற்றுங்கள். பொழிவுப் பிரிப்பு முன்பே செய்யப்பட்ட நிகழ்வுப் பட்டியல் அது, ஒவ்வொன்றுக்கும் திசை, ஆற்றல், நேரம் மட்டும் இருக்கும்.

நெபுலாவைச் சுற்றி 0.1 டிகிரி ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பின்னணிக்கு, பார்வை மையத்திலிருந்து அதே தூரத்தில், நெபுலாவைத் தொடாத இடங்களில் அதே அளவு வட்டங்கள் பலவற்றைப் போடுங்கள். மையத்திலிருந்து தூரம் மாறினால் கேமராவின் உணர்திறன் மாறும், எனவே ஒரே தூரம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு மூலவட்டத்துக்கு எத்தனை பின்னணி வட்டங்கள் என்ற விகிதத்தைக் குறித்துக்கொண்டு, லீ, மா இருவரும் 1983இல் தந்த சூத்திரத்தில் போடுங்கள். மேலே போட்ட வர்க்கமூலக் கணக்கு எண்ணிக்கைகள் சிறிதாக இருக்கும்போது பிசகும், இது பிசகாது.

முதலில் ஒரே ஓட்டத்தை மட்டும் எடுத்து, அதன் முதல் ஒரு நிமிடத்தில் எத்தனை சிக்மா வருகிறது என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணை 1989இன் 80 மணி நேரத்துக்கு அருகில் எழுதி வையுங்கள்.